சைக்கிளுக்கு ஸ்பீடு லிமிட் உண்டா?

சிவப்பு வட்டத்துக்குள் 30 என்று போர்டு நிற்கிற சாலை. ஒருவர் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அவர் சட்டத்தை மீறினாரா இல்லையா?

நாலு பேர் இருக்கிற இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். "போர்டு வைத்திருப்பது எல்லாருக்கும்தானே, மீறினால் மீறல்தான்" என்பது ஒரு கட்சி. "சைக்கிளுக்கு லைசென்ஸே கிடையாது, அப்புறம் என்ன லிமிட்? யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்பது இன்னொன்று. காலையில் கூட்டமாக ரைடு போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. அவர்களைக் காரில் கடந்து போகிறவர்கள் முதல் கட்சி. இரண்டு பக்கமும் பாதிதான் சரி, அதுவும் தவறான காரணத்துக்காக.

கேட்க வேண்டிய கேள்வி "லிமிட் எவ்வளவு" என்பதல்ல. "இந்த விதி யாரைப் பார்த்துப் பேசுகிறது" என்பதுதான். இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

டோல்கேட் பட்டியல்

நெடுஞ்சாலை டோல்கேட்டில் கட்டணப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கார் ஜீப்புக்கு இவ்வளவு, பஸ் லாரிக்கு இவ்வளவு, அதற்கு மேலே பல அச்சு வண்டிகளுக்கு இவ்வளவு. அந்தப் பட்டியலில் பைக்குக்கு இடமே இல்லை. பைக்காரர் இடது ஓரத்துச் சந்தில் புகுந்து போய்க்கொண்டே இருப்பார். அவர் டோலை ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கட்டணம் அவருக்காக எழுதப்படவே இல்லை.

ஆனால் அதே பைக்காரர் அந்தச் சந்தில் நிற்கிற ஊழியரை இடித்துத் தள்ளிவிட்டு, "எனக்குத்தான் டோல் கிடையாதே" என்று சொல்ல முடியுமா? டோல் விதி வேறு, ஆளை இடிக்கக் கூடாது என்கிற விதி வேறு. முதலாவது சில வண்டிகளோடு மட்டும் பேசுகிறது. இரண்டாவது எல்லாரோடும் பேசுகிறது.

வேக வரம்பும் பல நாடுகளில் இப்படித்தான். சாலையோர போர்டில் ஓர் எண் மட்டும்தான் தெரியும். அது யாருக்கு என்பது போர்டில் இருக்காது, சட்டப் புத்தகத்தில் இருக்கும்.

பிரிட்டன் என்ன சொல்கிறது

இந்த விஷயத்தில் அதிகம் சண்டை நடந்திருப்பது பிரிட்டனில், குறிப்பாக லண்டன் பூங்காக்களில். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அங்கே வேக மீறலைக் குற்றமாக்குவது 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 89. அது குறிப்பிடுவது வரம்பைத் தாண்டி "மோட்டார் வாகனம்" ஓட்டுபவரை. மோட்டார் வாகனம் என்றால், சாலையில் ஓடுவதற்காக அமைந்த, எந்திர விசையால் நகரும் வண்டி. மிதித்து ஓட்டும் சைக்கிள் இந்த வரையறைக்குள் வராது. ஆகவே மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர், என்று போர்டு வைத்த தெருவில் ஒருவர் சைக்கிளில் 25 மைல் வேகத்தில் போனால், அந்தப் பிரிவின் கீழ் அவர்மீது வழக்குப் போட முடியாது. இது சட்டத்தில் இருக்கிற ஓட்டை இல்லை. எழுதும்போதே அப்படித்தான் எழுதினார்கள்.

ஒரு விலக்கு உண்டு. கடற்கரை நடைபாதை, பூங்கா போன்ற இடங்களுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் தனியாகத் துணைவிதி போடலாம், அதில் சைக்கிளையும் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். அங்கே அந்த எண் சைக்கிளையும் கட்டுப்படுத்தும். பொதுச்சாலை போர்டு அப்படியல்ல.

எஞ்சினுக்குப் பிறந்த விதி

ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

பிரிட்டனில் 1865-இல் வந்த சட்டம் சாலையில் ஓடும் நீராவி எஞ்சின்களுக்கு ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று வரம்பு வைத்தது. ஊருக்குள் மனிதர் சாதாரணமாக நடப்பதைவிட மெதுவு. போதாததற்கு வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும். 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் ஒருவர் தன் மோட்டார் வண்டியை 2 மைல் இடத்தில் 8 மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கான்ஸ்டபிள் ஐந்து மைல் தூரம் துரத்திப் பிடித்தார். எதில் துரத்தினார் தெரியுமா? சைக்கிளில்! கார் ஓட்டி வேக மீறலுக்காக அபராதம் கட்டிய முதல் ஆள் என்று பிரிட்டனில் அவரைத்தான் சொல்கிறார்கள். அபராதம் ஒரு ஷில்லிங். துரத்திய போலீஸ்காரர் என்ன வேகத்தில் போயிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த விதி அவரைத் தொட்டிருக்காது.

1903-இல் வந்த மோட்டார் கார் சட்டம் வரம்பை 20 மைலாக உயர்த்தியது. அதே சட்டம்தான் கார்களுக்கு நம்பர் பிளேட்டையும் கட்டாயமாக்கியது. இந்த இரண்டும் ஒரே சட்டத்தில் வந்ததை மனதில் வையுங்கள், கொஞ்சம் கீழே மறுபடி வருகிறேன்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1890-களில் நியூயார்க்கில் தலையைக் குனிந்துகொண்டு பறக்கிற சைக்கிள் இளைஞர்கள்தான் ஊருக்குத் தொல்லை. பின்னாளில் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட் அப்போது அந்த நகரக் காவல் ஆணையக் குழுவின் தலைவர். 1895-இல் அவர் காலத்தில் சைக்கிளில் ரோந்து போகும் ஒரு படையை அமைத்தார்கள். வேகமாகப் போகிற சைக்கிள்காரர்களைத் துரத்துவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. 1899-இல் மணிக்கு 12 மைல் வேகத்தில் மின்சார டாக்சி ஓட்டிய ஒருவரைக் கைது செய்ததும் அந்தப் படையைச் சேர்ந்த சைக்கிள் போலீஸ்தான். ஆக, "சைக்கிளும் டிராஃபிக் போலீசும்" என்பது காருக்கும் மூத்த தகராறு.

நம்பர் பிளேட், முள், எடை

சரி, இன்றைக்கும் ஏன் சைக்கிளைச் சேர்க்காமல் வைத்திருக்கிறார்கள்? மூன்று காரணங்கள், மூன்றும் நடைமுறை சார்ந்தவை.

முதலாவது அடையாளம். வேகக் கேமரா தானாக யாருக்கும் அபராதம் போடுவதில்லை. வண்டி எண்ணைப் படம் பிடிக்கிறது, அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டில் உரிமையாளரைத் தேடுகிறார்கள், அவர் முகவரிக்கு நோட்டீஸ் போகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி நம்பர் பிளேட். 1903-இல் வரம்பும் பிளேட்டும் சேர்ந்தே வந்தது இதனால்தான் பொருத்தமாகப் படுகிறது. சைக்கிளில் அது இல்லாததால் கேமரா எத்தனை துல்லியமாக அளந்தாலும் பயனில்லை. மற்றபடி போலீஸ் கையில் வைத்திருக்கும் ஸ்பீடு கன் சைக்கிளையும் அளக்கும். அது அனுப்பும் அலை நகரும் பொருளில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது, மாற்றத்தின் அளவிலிருந்து வேகம் தெரிகிறது. அதற்கு எஞ்சின் இருக்கிறதா என்பது பொருட்டில்லை. "சைக்கிளை ஸ்பீடு கன் பிடிக்காது" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இரண்டாவது ஸ்பீடோமீட்டர். 32-ஐத் தாண்டாதே என்று ஒருவருக்குக் கட்டளையிட்டால், தான் 32-இல் போகிறோமா என்று அறிய அவருக்கு வழி இருக்க வேண்டும். காரில் முள்ளு காட்டுகிறது. சைக்கிளில் வேகமானி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. கைப்பிடியில் சின்னக் கணினி மாட்டியிருப்பவர்கள் உண்டு, ஆனால் சந்தைக்குப் போகிற பெரியவர் சைக்கிளில் அது இருக்காது.

மூன்றாவதுதான் கனமான காரணம்: எடை. ஓடுகிற பொருள் தனக்குள் வைத்திருக்கிற ஆற்றலுக்கு இயக்க ஆற்றல் என்று பெயர். மோதும்போது எதிரே இருப்பவர் உடம்பில் இறங்குவது அதுதான். எடை இரட்டித்தால் அது இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் நாலு மடங்காகும். 75 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள், மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் சுமார் 2,950 ஜூல் வருகிறது. அதே வேகத்தில் 1,200 கிலோ கார் என்றால் சுமார் 41,700 ஜூல். பதினாலு மடங்கு. வேக வரம்பு போட்டதே இந்தப் பெரிய எண்ணை அடக்கத்தான்.

இதைக் கேட்டுவிட்டு "பார்த்தீர்களா, சைக்கிள் ஆபத்தில்லை" என்று கிளம்பக் கூடாது. 2,950 ஜூல் ஒரு வயதானவரைத் தூக்கி எறிந்து மண்டையைத் தரையில் மோதவைக்கப் போதும். 45 கிலோமீட்டருக்கு ஏறினால் அது 6,600-ஐத் தாண்டுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிரிட்டனில் பொதுச்சாலை வேக வரம்பு எஞ்சின் வண்டியோடு பேசுகிறது. காரணம் சைக்கிள் மெதுவானது என்பதல்ல. அடையாளமும் முள்ளும் இல்லை, எடை குறைவு, அதனால் அந்த விதியை அதற்கு எழுதவில்லை.

எவ்வளவு வேகம், எப்படி ஓட்டினாய்

இங்கேதான் "ஒன்றும் செய்ய முடியாது" கட்சி வழுக்கி விழுகிறது.

போக்குவரத்துக் குற்றங்கள் இரண்டு வகை. ஒன்றை அளவுக் குற்றம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைத் தாண்டினாயா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. சாலை காலியாக இருந்தது, பகல் வெளிச்சம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. இன்னொன்று விதக் குற்றம். அதில் எண் கிடையாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தில் நீ ஓட்டிய விதம் ஆபத்தானதா என்பதுதான் கேள்வி. நம் ஊர் எஃப்ஐஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதுவார்களே, அது இந்த இரண்டாவது வகை. அந்த வரியில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருக்காது.

பிரிட்டனில் சைக்கிளை அளவுக் குற்றம் தொடாது, விதக் குற்றம் தொடும். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரிவு 28 ஆபத்தான சைக்கிள் ஓட்டல், பிரிவு 29 கவனமற்ற சைக்கிள் ஓட்டல். முதலாவதற்கு 2,500 பவுண்டு வரை, இரண்டாவதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம். ஆபத்தானது என்பதற்கு அளவுகோல், திறமையும் கவனமும் உள்ள ஒரு சைக்கிள்காரர் எப்படி ஓட்டுவாரோ அதற்கு வெகு கீழே போயிருக்க வேண்டும், ஆபத்து என்பது அப்படிப்பட்டவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். கூட்டமான கடைத்தெருவில் 25 கிலோமீட்டரே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். விடியற்காலைக் காலிச் சாலையில் 40 தாண்டாமல் போகலாம்.

இன்னும் பழைய ஆயுதங்களும் இருக்கின்றன. வண்டியை "வெறித்தனமாக" ஓட்டுவதைத் தடுக்கும் சட்டங்கள் குதிரை வண்டிக் காலத்திலேயே உண்டு. 1879-இல் ஒரு சைக்கிள்காரர் அப்படி ஒரு வழக்கில் மாட்டியபோது, சைக்கிள் என்பது வண்டியே இல்லையே என்று வாதாடிப் பார்த்தார்கள். வண்டிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பிரிவு 35, வெறித்தனமாக வண்டி ஓட்டி உடலுக்குக் காயம் விளைவிப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை தருகிறது. கோச் வண்டிக்காரர்களை மனதில் வைத்து எழுதியது, இன்றும் சைக்கிளுக்கு உயிரோடு இருக்கிறது.

இரண்டு லண்டன் வழக்குகள்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகிவிடும்.

2016-இல் லண்டன் சாலை ஒன்றில் ஓர் இளைஞரின் சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த பெண் இறந்தார். அந்த இளைஞர் ஓட்டியது பந்தயத் தளத்துக்கான நிலைப்பல் (ஃபிக்ஸட் கியர்) சைக்கிள், முன் பிரேக் இல்லாதது. சாலையில் அப்படி ஓட்டுவது அங்கே சட்டவிரோதம். அவர் போன வேகம் மணிக்கு சுமார் 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர். பெரிய வேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2017-இல் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்கிற குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார், ஆனால் மேலே சொன்ன 1861 பிரிவில் 18 மாதத் தண்டனை கிடைத்தது. எண் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. முன் பிரேக் இல்லாத வண்டியைக் கூட்டத்துக்குள் ஓட்டிய விதம் அனுப்பியது.

2022-இல் ரீஜண்ட்ஸ் பூங்காவின் சுற்றுச்சாலையில் பயிற்சிக் குழு ஒன்று வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 81 வயதுப் பெண்மணி ஒருவர் சாலையைக் கடக்கும்போது முன்னால் வந்தவர் மோதினார். அந்தப் பெண்மணி பிறகு இறந்துபோனார். சாலை வரம்பு 20 மைல், குழு போன வேகம் 25 முதல் 29 மைல். ஆனாலும் வழக்கு இல்லை. 2024-இல் நடந்த மரண விசாரணையில் போலீஸ் தரப்பு சொன்னது, அந்த வரம்பு சைக்கிளுக்குப் பொருந்தாது, குற்ற வழக்குப் போட ஆதாரம் போதவில்லை என்று.

ஒருவர் 29 கிலோமீட்டரில் போய்த் தண்டனை பெற்றார், இன்னொருவர் 40-க்கும் மேலே போய் வழக்கே இல்லாமல் போனார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தெரியும், தெரிந்தது. ஊர் கொதித்தது. 2025-இல் அரசு கொண்டுவந்த குற்றவியல் மசோதாவில் ஆபத்தான சைக்கிள் ஓட்டலால் மரணம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்த்து, உச்சத் தண்டனையாக ஆயுள் தண்டனை என்று வைத்தார்கள். கவனியுங்கள், அப்போதும் சைக்கிளுக்கு ஓர் எண்ணை எழுதவில்லை. விதத்துக்கான தண்டனையைத்தான் ஏற்றினார்கள். என் கருத்து கேட்டால், பொதுச்சாலைக்கு இதுவே போதும். ஆட்கள் குறுக்கே நடக்கிற பூங்கா வளையத்துக்கு மட்டும் சைக்கிளைப் பெயர் சொல்லி ஒரு வரம்பு வைத்திருக்கலாம்.

நாட்டுக்கு நாடு மாறும்

ஜெர்மனி சுவாரசியமான நடுவழி. ஊருக்குள் 50 என்கிற பொது வரம்பு அங்கேயும் மோட்டார் வாகனத்துக்கு மட்டும்தான். ஆனால் 30 என்று போர்டு நட்டுவிட்டால் அது சைக்கிள் உட்பட எல்லா வண்டிக்கும் பொருந்தும். வேகமானி கட்டாயமில்லாத வண்டிக்கு எண் கட்டளை எப்படி என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். குழந்தைகள் விளையாட விடுகிற குடியிருப்புத் தெருக்களில் நடை வேகம், சைக்கிளுக்கும் அதேதான். அங்கே சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதத்தோடு போக்குவரத்துப் பதிவேட்டில் ஒரு புள்ளியும் ஏறும்.

கலிபோர்னியாவில் வாகனச் சட்டத்தின் பிரிவு 21200, சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு வாகன ஓட்டியின் உரிமைகளும் கடமைகளும் உண்டு என்கிறது. அதனால் வேக வரம்பும் சேர்ந்தே வருகிறது. மலைச்சரிவில் இறங்கும்போது போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்தால் "சைக்கிளுக்குக் கிடையாது" என்கிற வாதம் அங்கே செல்லாது.

சிங்கப்பூர் எண்களை நேராகச் சைக்கிளுக்கே எழுதிவிட்டது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. நடைபாதை வரம்பு முன்பு 15 ஆக இருந்தது, 2019 பிப்ரவரியில் 10 ஆக்கினார்கள். அதிகாரிகள் ஸ்பீடு கன்னோடு பாதை ஓரத்தில் நிற்பதும் உண்டு.

நம் ஊரில்

இந்தியா இதில் பிரிட்டன் பக்கம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 112 வரம்பை மீறி "மோட்டார் வாகனம்" ஓட்டக் கூடாது என்கிறது. அதை மீறினால் அபராதம் தரும் பிரிவு 183-ம் மோட்டார் வாகனத்தோடுதான் பேசுகிறது. மிதி சைக்கிள் அதில் இல்லை. இ-சலான் இயந்திரம் முதலில் கேட்பதே வண்டி எண்ணைத்தான்.

விதக் குற்றம்? பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281. 2024 ஜூலை 1-க்கு முன்னால் இதுவே இந்தியத் தண்டனைச் சட்டம் 279. பொதுவழியில் "எந்த வாகனத்தையும்" மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே மோட்டார் என்கிற சொல் இல்லை. சைக்கிள், மாட்டு வண்டி, எல்லாம் உள்ளே வந்துவிடும். போலீஸ் தாமாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், ஜாமீன் உண்டு. உயிரே போய்விட்டால் பிரிவு 106, ஐந்து ஆண்டுவரை.

எங்கே இது நிஜமான கேள்வியாகிறது? சமதளத்தில் காற்று நம்மைத் தடுத்துவிடும். வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு ஆகிறது, அதனால் சாதாரண ஆள் 25-ஐத் தாண்டவே மூச்சு வாங்கும். மலை இறக்கத்தில் கதை வேறு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாக ஐம்பதைத் தொடும். ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் பத்துப் பதினைந்து வளைவுக்குள் ரப்பர் கட்டை சூடேறிக் கருகல் வாடை வரும், லீவரைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகும். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பஸ் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருக்கலாம்.

கணக்குப் போட்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்து உணர ஒரு நொடி, அதற்குள் 8 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், உலர்ந்த சாலை என்றால் நிற்க இன்னொரு 7 மீட்டர். மொத்தம் 15. அதுவே 45 வேகத்தில் 28 மீட்டர் ஆகிறது. வளைவில் கண்ணுக்குத் தெரிகிற தூரம் 20 மீட்டர்தான் என்றால், 45-இல் வருகிறவர் நிற்க வழியே இல்லை. அங்கே வைத்திருக்கிற 20 அல்லது 30 போர்டு பிரிவு 112-இன்படி அவரைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் யார்மீதாவது மோதிவிட்டால், 281-இன் கீழ் அவர் ஓட்டியது அஜாக்கிரதை என்று காட்ட அந்தப் போர்டே சாட்சியாக வந்து நிற்கும். கைப்பிடிக் கணினியில் பதிவான வேகக் கோடும்தான்.

சுருக்கமாக, போர்டைத் தாண்டியதற்காக மட்டும் மிதி சைக்கிளுக்கு நம் ஊரில் சலான் இல்லை. தாண்டிய விதம் ஆபத்தானது என்றால் வழக்கு உண்டு.

போலீஸ் கை காட்டினால்

நிறுத்த வேண்டும். வரம்பு பொருந்துமா என்கிற வாதத்தை ஓடிக்கொண்டே செய்ய முடியாது. பிரிட்டனில் சீருடை போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாத சைக்கிள்காரருக்கு அதற்கென்றே தனிக் குற்றம் இருக்கிறது, அங்குள்ள அதே 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பிரிவு 163. கவனமற்று ஓட்டியதாகக் குற்றம் சாட்டினால் பெயரும் முகவரியும் தர வேண்டும், மறுத்தால் அதுவும் ஒரு குற்றம். வேகத்துக்காக நிறுத்தப்பட்டு ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டியவர், நிற்காமல் போனதற்காக மாட்டிக்கொள்வார்.

நம் ஊரில் சைக்கிள்காரரை நிறுத்தும் பழக்கம் புதிதல்ல. டைனமோ லைட் இல்லாமல் இரவில் போனால், டபுள்ஸ் அடித்தால், போலீஸ் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்கிற பயத்தில் வளர்ந்தவர்கள் இன்றைக்கும் நிறைய பேர் இருக்கிறார்கள். மூலையில் தொப்பி தெரிந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்தவன் குதித்து நடக்கத் தொடங்குவான். வால்வு ட்யூபைக் கழற்றுவதற்கு எந்தப் பிரிவும் இல்லை, அது அந்தக் காலத்து உடனடித் தீர்ப்பு.

இப்போது பெருநகரச் சாலைகளில் காலை ரைடுக் குழுக்களை நிறுத்தினால் பேச்சு பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் பக்கவாட்டில் போவதைப் பற்றியோ, பின் விளக்கு இல்லாததைப் பற்றியோ இருக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, இறங்கி ஓரமாக நின்று பேசினாலே பாதிச் சூடு தணியும். "எந்த செக்‌ஷன் சார்?" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்பது உங்கள் உரிமைதான், ஆனால் பேச்சு வளரும். சலான் எழுதினால் அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பேட்டரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் மிதி சைக்கிளுக்கு. மோட்டார் வைத்த சைக்கிளில் கோடு எங்கே என்பது தெரியாமல் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், இன்னும் சில நிபந்தனைகள், இவற்றுக்கு உட்பட்ட பேட்டரி வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான்: 250 வாட், மோட்டார் உதவி 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே காலால் மிதித்துப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை.

கடையில் "சின்ன செட்டிங்தான் சார், மாற்றினால் நாற்பது வரைக்கும் போகும்" என்பார்கள். கண்ட்ரோலரில் ஒரு ஒயரை எடுத்துவிட்டாலே சில வண்டிகளில் பூட்டு திறந்துவிடும். திறந்த நொடியிலிருந்து உங்கள் கையில் இருப்பது சைக்கிள் இல்லை, பதிவு செய்யாத மோட்டார் வாகனம். பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை என்று மூன்றும் தனித்தனிக் குற்றம். பிரிவு 112-இன் வேக வரம்பும் இனி உங்களைப் பார்த்துத்தான் பேசும். யார்மீதாவது மோதினால் இழப்பீடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி வராது, முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும். வாங்குவதற்கு முன் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டில் எத்தனை வாட் என்று பாருங்கள், பில்லிலும் அதே எண்ணை எழுதி வாங்குங்கள்.